நூற்றுப் பத்தொன்பதரை

ஹானர்ஸ் மாணவர்களின் பயிற்சி அறிக்கைகள்
அறுபத்திரண்டு வந்திருந்தன என் மேசைக்கு.
படிப்பது என் வேலையில்லை.
மணிக்கணக்கைக் கூட்ட வேண்டும்,
கையெழுத்து இருக்கிறதா பார்க்க வேண்டும்,
முத்திரை. அவ்வளவுதான்.
இருந்தாலும் படிப்பேன்.
பதினோரு வருடமாகப் படிக்கிறேன்.

செனட்டர் அலுவலகத்தில் உறை ஒட்டியவன்
தலைமைப் பண்பு வளர்ந்தது என்கிறான்.
பல் மருத்துவரிடம் போனவள்
தலைமைப் பண்பு வளர்ந்தது என்கிறாள்.
வங்கியில் ஒருவனை
காப்பி இயந்திரம் தவிர எதையும் தொடவிடவில்லையாம்,
அவனுக்கும் வளர்ந்திருக்கிறது.
இந்த மொன்டானா மண்ணில்
கோதுமைக்கு அடுத்து
அதுதான் நன்றாக விளைகிறது.

மாரென் டோலெஃப்சன். உயிரியல், மூன்றாம் ஆண்டு.
நெடுஞ்சாலைத் துறை. சம்பளம் கிடையாது.
மூன்று கிரெடிட்டுக்கான கட்டணத்தை
அவள்தான் எங்களுக்குக் கட்டியிருக்கிறாள்,
ரசீது போட்டது நான்.
வேலை: சாலையில் அடிபட்டுச் செத்ததை எண்ணுவது.
எந்த மைல், என்ன விலங்கு, ஆணா பெண்ணா,
எங்கே பாலம் போட்டால் அவை கடக்கும்.

மைல் 41. வெள்ளைவால் மான். பெண். சினை.
மைல் 41. மறுபடி.
மைல் 47. கரடிக்குட்டி. கார்வின் தொப்பியைக் கழற்றினார்.
மைல் 52. குழந்தையின் ஷூ, ஒன்று. எண்ணவில்லை.

'இந்தப் பயிற்சியில் கற்றது என்ன?'
அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறோம்.
அவள் எழுதியது ஒரு வரி:
பிப்ரவரியில் நாற்றம் வராது, ஏப்ரலில் வரும்.

கூட்டினேன். நூற்றுப் பத்தொன்பதரை மணி.
இரண்டாம் முறையும் அதே.
நூற்றிருபது என்றால் நூற்றிருபது என்றார் இயக்குநர்,
கணினியிலிருந்து முகத்தை எடுக்காமல்.

நாலரைக்கு அழைத்தேன். பேக்கரியில் இருந்தாள்,
தட்டுகள் மோதும் சத்தம்.
அரை மணிதானே, எங்காவது விட்டுப்போயிருக்கும்,
யோசித்துப் பார் என்றேன்.
விட்டுப்போகவில்லை, விட்டேன் என்றாள்.

மார்ச் ஒன்பது. மைல் 44.
அதற்கு உயிர் இருந்தது.
பின்னங்கால்களும் இருந்தன,
இருப்பது அதற்குத்தான் தெரியவில்லை.
போலீசைக் கூப்பிட வேண்டும், துப்பாக்கி அவர்களிடம்.
சிக்னல் கிடைக்கும் மேடு வரை
கார்வின் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.
நான் பனியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
எண்ணவில்லை. அளக்கவில்லை. எழுதவில்லை.
என் கோட்டின் கயிற்றை அது
கொஞ்ச நேரம் மென்றது.
வேலை ஒன்றும் செய்யவில்லையே,
அதை எப்படிக் கணக்கில் போடுவது?

எனக்கும் தெரியவில்லை.
என்ன ரொட்டி சுடுகிறாய் என்று கேட்டேன்.
சொன்னாள்.
பிறகு இருவரும் பேசாமல் இருந்தோம்,
அந்தப் பக்கம் அடுப்பின் மணி
அடித்து அடித்து ஓயும் வரை.

வைத்த பிறகு பார்த்தேன்,
தொலைபேசியின் சின்னத் திரையில்
இருபத்தேழு நிமிடம்.
மறுபடி அழைத்தேன்.
இன்னும் மூன்று நிமிடம் எதையாவது பேசு என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
நாளைய ஆர்டரை வாசித்தாள்:
ரை ரொட்டி நாற்பது, பன் இருபது டஜன்,
பிறந்தநாள் கேக் ஒன்று, பெயர் க்ளைட், வயது ஆறு.

படிவத்தில் எழுதினேன்:
ஹானர்ஸ் அலுவலகத்துடன் கலந்தாய்வு, அரை மணி.
பொய் இல்லை.
இயக்குநர் கையெழுத்துப் போட்டார்,
அறுபத்திரண்டிலும், ஒரே மூச்சில்.

வீட்டுக்கு நான் போகும் வழியும்
அந்தச் சாலைதான், பதினோரு வருடமாக.
மைல் 44-இல் எதுவும் இல்லை. புல்,
வேலிக்கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் பை.
கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டது.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்,
நீளமாக.